காலையில் காய்ச்சிய கஞ்சியைச் சாயங்காலம் வரை வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் விறகு அடுப்பு, கிணற்றுத் தண்ணீர், ஃப்ரிட்ஜ் கிடையாது. விடிவதற்குள் எல்லாவற்றையும் ஒரே தடவையாகச் சமைத்து வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவேன். பத்து மாதக் குழந்தைக்கும் அப்போதே கஞ்சி காய்ச்சி மூடி வைத்துவிடுவேன். மாமியார் அதை மதியமும் சாயங்காலமும் சூடுபண்ணிப் பாட்டிலில் கொடுப்பார். இந்த வருடத்தில் மட்டும் குழந்தைக்கு நான்கு முறை வயிற்றுப்போக்கு. ஒரு பயிற்சி வகுப்பில் சமையலறைச் சுத்தத்துக்கு முப்பது விதிகள் எழுதிய தாள் கொடுத்தார்கள். பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன், தரையைத் தினமும் மெழுகுகிறேன், ஆனாலும் நின்றபாடில்லை. "நாங்கள் எல்லாம் இப்படித்தான் சாப்பிட்டு வளர்ந்தோம்" என்கிறார் மாமியார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் பேசலாம். சுத்தத்தில் நீங்கள் குறை வைக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், உங்களைவிட வசதியான பல வீடுகளைவிட உங்கள் அடுப்படி சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்துக்கும் அது குழந்தையின் வாய்க்குப் போன நேரத்துக்கும் நடுவே ஏழெட்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. அந்த நேரம்தான் குழந்தையைப் படுத்துகிறது. பாத்திரம் எவ்வளவு பளபளத்தாலும் அந்த நேரத்தில் உள்ளே நடப்பதைத் தடுக்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது? கஞ்சி கொதிக்கும்போது பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுகின்றன, உண்மைதான். ஆனால் சில வகைக் கிருமிகள் தங்களைச் சுற்றி ஓடு மாதிரி ஒன்றை உண்டாக்கிக்கொண்டு வித்தாக மாறிவிடும். தானியங்களில் சாதாரணமாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் அப்படிப்பட்ட ஒன்று. கொதி அதை ஒன்றும் செய்யாது. கஞ்சி ஆறி வெதுவெதுப்பாக வந்ததும் அந்த வித்து முளைத்துப் பெருகத் தொடங்கும். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. கைபொறுக்கும் சூடு, வெதுவெதுப்பு, அறைச் சூடு என்று நாம் சொல்வது எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். எல்லாம் தோதாக அமைந்தால் ஒரு கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். ஒரு மணி நேரத்தில் எட்டு. அப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும், ஒரே ஒரு கிருமியிலிருந்து. காலை ஆறு மணிக்கு இறக்கிய கஞ்சி மதியம் ஒரு மணிக்குக் குழந்தைக்குப் போகிறது என்றால் நடுவே இருப்பது அதே ஏழு மணி நேரம்தான்.

"அதுதான் மறுபடி கொதிக்க வைக்கிறோமே" என்று உங்கள் மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இதற்குச் சரியான பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பலமுறை போய்ப் பாத்திரம் கழுவுவது, கை கழுவுவது, மூடி வைப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒன்று விடாமல் செய்தார். ஒருநாள் காலையில் வடித்த சோற்றை இரவு நன்றாகச் சூடாக்கிப் பரிமாறியிருக்கிறார், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டில் நான்கு பேருக்கு வாந்தி. "ஆவி பறக்கப் பறக்கச் சூடு பண்ணினேனே" என்று அவர் அழுதார். அவர் சொன்னது பொய் இல்லை. சூடு கிருமியைக் கொன்றிருக்கும், ஆனால் அந்தக் கிருமி அதற்கு முன்பே சோற்றுக்குள் நஞ்சைக் கக்கிவிட்டிருந்தது. பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நம் கையிலும் மூக்கிலும் சீழ்ப் புண்ணிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் கொதிக்கு அசையாது. நாள் முழுக்கக் கிடந்த உணவை மறுபடி கொதிக்க வைத்தால் உயிரோடு இருக்கும் கிருமி சாகும், அவ்வளவுதான், நஞ்சு அப்படியே இருக்கும். இதை அந்த அம்மாவுக்கு முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகர்ந்து பார்த்து முடிவு செய்வதை விட்டுவிடுங்கள். உணவை நாறவைக்கும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. வாடை அடித்தால் கொட்டிவிட வேண்டியதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வாடை இல்லை, நூல் விடவில்லை, ருசியும் மாறவில்லை என்பதற்காக அது நல்ல உணவு என்று ஆகிவிடாது.

சரி, வயல் வேலையை விட்டுவிட்டு மூன்று வேளையும் அடுப்படியில் நிற்க உங்களால் முடியாது, அது எனக்குத் தெரியும். அதனால் கஞ்சியைக் காய்ச்சி வைக்காதீர்கள், கஞ்சிக்கு வேண்டியதை மட்டும் தயார் செய்து வைத்துவிட்டுப் போங்கள். வறுத்து அரைத்த மாவை ஈரம் படாத டப்பாவில் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அளந்து வையுங்கள். காய்ந்த மாவில் கிருமி பெருகாது, தண்ணீர் சேர்ந்த பிறகுதான் அதற்கு வாழ்வு. கொதிக்க வைத்த தண்ணீரைத் தனியாக மூடி வையுங்கள், சின்னச் சுள்ளிகளை அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். ஒரு குழந்தை சாப்பிடும் அளவுக் கஞ்சி காய்ச்சப் பத்து நிமிடம்கூட ஆகாது, உங்கள் மாமியாருக்கு அது பெரிய வேலையாக இருக்காது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சச் சொல்லுங்கள். குழந்தை சாப்பிட்டு மீந்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்க வேண்டாம், ஏனென்றால் அதில் குழந்தையின் எச்சிலும் கலந்திருக்கும். மீந்ததைக் கொட்ட மனசு வராது, எனக்கும் வராது, அதனால்தான் கொஞ்சமாகக் காய்ச்சுங்கள் என்கிறேன். நடுவில் பசித்தால் தோலை உரித்து அப்போதே மசித்த வாழைப்பழம், அப்போதே கெட்டியாக வேகவைத்த முட்டை, இவையெல்லாம் அவசரத்துக்கு நல்ல உணவு. பழம் தன் தோலுக்குள்ளேயே சுத்தமாக இருக்கிறது, உரிக்கும் கை மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

பாட்டிலை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருப்பேன். அதன் அடியும் கழுத்தும் ரப்பர் ஓட்டையும் எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகச் சுத்தமாகாது, ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுக் கஞ்சி அடுத்த வேளைக்கு விதை போட்டுவிடும். கிண்ணமும் கரண்டியும் போதும், வாய் அகலமான கிண்ணத்தைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பது சுலபம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் காலையில் கிளம்பும் முன்பும் வந்த பின்பும் இரவிலும் தொடர்ந்து கொடுங்கள், குறைந்தது இரண்டு வயது வரை கொடுக்கலாம். பால் வாங்கியோ கறந்தோ கொடுப்பதாக இருந்தால் பொங்கி வரும்வரை காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமியும், புரூசெல்லா என்ற காய்ச்சல் தரும் கிருமியும் வரலாம். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவுவதும் வேண்டாம், தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் வித்து சின்னக் குழந்தையின் குடலில் முளைத்துவிடும், பெரியவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது.

பெரியவர்கள் சாப்பாட்டுக்கு வருகிறேன். சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இதைக் கேட்டவுடன் "நடக்கிற காரியமா" என்றுதான் தோன்றும். ஆனால் இதற்கு இரண்டு வழி இருக்கிறது, ஒன்று உணவைக் குளிரவைப்பது, இன்னொன்று உணவைச் சூடு குறையாமல் வைத்திருப்பது. குளிரவைக்க உங்களிடம் வசதி இல்லை, சூடாக வைத்திருக்க இருக்கிறது. ஒரு பெரிய கூடையிலோ மரப்பெட்டியிலோ அடியிலும் நாலு பக்கமும் ஒரு சாண் கனத்துக்கு வைக்கோலைத் திணித்து நடுவில் பானை உட்காரும் அளவுக்குக் குழி விடுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பானையை இறக்கி, மூடி திறக்காமல், அந்தக் குழியில் வைத்து மேலே வைக்கோல் அடைத்த தலையணையை அமுக்கி வையுங்கள். பானை நிறைய உணவு இருந்தால் சில மணி நேரத்துக்குச் சூடு இறங்காது, அரைப் பானையாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் இதைச் சின்ன அளவுக்குப் பயன்படுத்த வேண்டாம். நடுவில் திறந்து பார்க்கவும் கூடாது. சாப்பிடத் திறக்கும்போது ஆவி எழும்ப வேண்டும், பாத்திரத்தைத் தொட்டால் கை சுட்டு விலக வேண்டும். அப்படி இருந்தால் 60 டிகிரிக்கு மேல் இருந்திருக்கிறது என்று நம்பலாம், வெதுவெதுப்பாக இருந்தால் அந்த வழி உங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். விறகும் மிச்சமாகும், பருப்பு மாதிரியானவை உள்ளேயே வெந்து பதமாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன், சிவப்பு ராஜ்மாவை மட்டும் இப்படி அரைகுறை வேக்காட்டில் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது, மிதமான சூட்டில் வெந்தால் அது குறைவதற்குப் பதில் கூடிவிடுகிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் மற்றது எல்லாம்.

பெரிய பானையில் இறைச்சி சமைக்கும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். விசேஷ நாட்களில் கூட்டமாகப் பலருக்கு வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் இப்படித்தான். அடுப்பை அணைத்து, பானையை அப்படியே மூடி வைத்துவிடுவார்கள். மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்கில் கதகதப்பு இருக்கும். காற்றில்லாத கதகதப்பில் வளரும் குளோஸ்ட்ரிடியம் என்ற வகைக் கிருமி இருபது நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாது, பத்து நிமிடத்திலேயே இரட்டித்துவிடும். வைத்திருந்துதான் ஆகவேண்டும் என்றால் அகலமான தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தட்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிளறிச் சீக்கிரம் ஆறவிடுங்கள், அதையும் அடுத்த வேளைக்குள் முழுதாகக் கொதிக்கவைத்துத் தீர்த்துவிடுங்கள். ஈர மணலுக்குள் பானையை வைத்துக் குளிர்ச்சி உண்டாக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள், காய்கறி வாடாமல் இருக்க அது நல்ல வழி, சமைத்த உணவுக்கு அந்தக் குளிர்ச்சி போதாது.

நேரத்துக்கு அடுத்தபடியாகக் கை. சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தைக் கொண்டுவந்த இடங்களில் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, இவ்வளவு மலிவான மருந்து வேறு எதுவும் எனக்குத் தெரியாது. முப்பது விதிகளையும் நினைவில் வைக்க வேண்டாம், மூன்று நேரங்களை மட்டும் வையுங்கள்: கழிப்பறை போய்வந்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு, உணவைத் தொடும் முன். நடுவில் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் மலம்தானே, அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உண்மையில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தையின் மலத்தில் நோய்க்கிருமி பெரியவர்களுடையதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். அதைக் கழுவிய தண்ணீரையும் முற்றத்தில் ஊற்றாமல் கழிப்பறையிலேயே ஊற்றுங்கள்.

கை கழுவும் பழக்கம் மனதில் நிற்பதைவிடத் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது என் அனுபவம். சோப்பு ஒரு மூலையிலும் தண்ணீர் இன்னொரு மூலையிலும் இருந்தால் யாரும் கழுவ மாட்டார்கள். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை ஒரு குச்சியில் தொங்கவிடுங்கள், மூடிக்குக் கொஞ்சம் கீழே ஆணியால் ஒரு சின்ன ஓட்டை, கேனின் கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை தரையில் கிடக்கும் ஒரு குச்சியில். குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஒழுகும், காலை எடுத்தால் நின்றுவிடும். அழுக்குக் கையால் எதையும் தொட வேண்டியதில்லை, தண்ணீரும் வீணாகாது. சோப்பை வலைத்துணியில் போட்டு அதிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். இதைக் கழிப்பறைக்கும் அடுப்படிக்கும் நடுவே வழியில் வைத்தால் போதும், வீட்டில் பெரிய குழந்தை இருந்தால் அதற்கு அது விளையாட்டுப் பொருளாகிவிடும், நாளுக்குப் பத்துத் தடவை மிதிக்கும்.

கையில் சீழ் வைத்த வெட்டோ கொப்புளமோ இருந்தால் ஆறும்வரை வேறு யாராவது சமைக்கட்டும், முடியாவிட்டால் நீர் புகாதபடி கட்டிக்கொண்டு சமையுங்கள். வயிற்றுப்போக்கு இருப்பவர் சமைக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இன்றைக்கே அடி வைத்து அளந்து பாருங்கள், முப்பது மீட்டராவது இருக்க வேண்டும், குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருக்கக் கூடாது. மாட்டுக் கொட்டகைக்கும் இதே கணக்குதான். குறைவாக இருந்தால் கிணற்றை மூட முடியாது, ஆனால் குடிக்கும் தண்ணீரை மட்டுமாவது கொதிக்க வையுங்கள். குமிழ் அடியிலிருந்து புரண்டு வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், பத்து நிமிடம் கொதிக்கவிட்டு விறகை வீணாக்க வேண்டியதில்லை. 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் மட்டும் மூன்று நிமிடம். விறகு தட்டுப்பாடு என்றால் தெளிந்த தண்ணீரை இரண்டு லிட்டருக்கு மேல் போகாத நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். கலங்கிய தண்ணீருக்கு இது பலிக்காது, முதலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும், வடிகட்டுவது மட்டுமே போதும் என்றும் நினைக்கக் கூடாது.

நல்ல தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு கெட்டுப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் சுத்தமாக இருந்தது, குடத்திலிருந்து டம்ளரை முக்கி எடுத்த நாலு பேர் விரல்களால் மாலைக்குள் அசுத்தமாகியிருக்கும். குறுகிய வாய் உள்ள பாத்திரத்தில் வைத்துச் சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீளக் காம்பு வைத்த அகப்பை ஒன்றை அதற்கென்றே தொங்கவிடுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கரித்துணி, பாத்திரம் துடைக்கும் துணி, கை துடைக்கும் துணி மூன்றும் உங்கள் வீட்டில் ஒன்றுதானா? பெரும்பாலான வீடுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும் அந்தத் துணியைப் போலக் கிருமி வளர்க்கும் பொருள் அடுப்படியில் வேறு இல்லை. கழுவிய பாத்திரத்தை அதனால் துடைக்காமல் வெயில் படும் பரணில் கவிழ்த்து வையுங்கள், காய்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம். துணிகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் உலர்த்துங்கள்.

இறைச்சி விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்வேன், பலருக்கு இது பிடிக்காது. கோழியை வாளித் தண்ணீரில் அலசி அலசிக் கழுவாதீர்கள். கிருமி போகாது, தெறிக்கும் துளிகளோடு காய்கறியிலும் பக்கத்துப் பாத்திரத்திலும் போய் விழும், அதைக் கொல்வது அடுப்பு மட்டும்தான். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் அடுப்படிக்கு வெளியே, தெறிக்காமல், மற்ற எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பலகையும் கத்தியும் ஒன்றுதான் இருக்கிறதென்றால் காய்கறியை முதலில் நறுக்கி முடித்துவிட்டு இறைச்சியைக் கடைசியில் நறுக்குங்கள், வேறொன்று வாங்க வேண்டிய தேவையே வராது. எலும்பை ஒட்டிய இடத்தில் சிவப்பு நீர் வராமல் வெந்திருக்க வேண்டும். உயிருள்ள கோழிகளும் அடுப்படிக்குள் வரக் கூடாது, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம், தரையில் கிடக்கும் எச்சம் நேராக வாய்க்குப் போகும். குழந்தை தவழும் இடத்தில் கழுவி வெயிலில் காயவைத்த பாய் ஒன்றை விரித்துவிடுங்கள், தரை முழுவதையும் மெழுகும் நேரத்தில் அந்தப் பாயைக் கழுவினால் பலன் அதிகம்.

சேமித்து வைக்கும் தானியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. ஈரப்பதத்தோடு மூட்டை கட்டிய மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், கல்லீரலைக் கெடுக்கும், வழக்கமாக நாம் வேகவைப்பதிலும் வறுப்பதிலும் அது முழுதாகப் போகாது. 2004இல் கென்யாவில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் சொந்தக் காட்டில் விளைந்ததைத்தான் சாப்பிட்டார்கள். நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், குழந்தைக்கு அரைக்கும் மாவில் அது ஒன்றுகூடச் சேரக் கூடாது.

பூச்சிமருந்து கேனைக் கழுவி எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அந்தக் கேனை ஓட்டை போட்டு ஒழித்துவிடுங்கள். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் அந்த மருந்தை விடாது. 2013இல் பீகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்த சமையல் எண்ணெய். மருந்து, மண்ணெண்ணெய், விதைக்கென்று மருந்து தடவிய தானியம் எல்லாம் பூட்டிய இடத்தில், அடுப்படிக்கு வெளியே இருக்கட்டும், குடிநீர்ப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்.

இனி உங்கள் மாமியார். "நாங்கள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம்" என்று அவர் சொல்வதை மறுத்துப் பேச வேண்டாம், அவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். ஆனால் ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து அவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் இதைக் கேட்ட பல வீடுகளில் பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன தம்பி தங்கைகளின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இன்றும் கெட்ட உணவால் உலகத்தில் ஆண்டுக்கு 4,20,000 பேர் இறக்கிறார்கள், அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கணக்குச் சொன்னது. பெரியவர்களின் வயிறு தாங்குவதைக் குழந்தையின் வயிறு தாங்காது, வித்தியாசம் அதுதான். இன்னொன்று, அவர் காலத்தில் வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் அடுப்படியில் இருந்து வேளாவேளைக்குச் சமைத்திருப்பார்கள், இப்போது நீங்கள் வயலில் உழைக்கிறீர்கள், சமையல் ஒரு வேளைக்குச் சுருங்கிவிட்டது. அதை அவரிடமே சொல்லி, "மதியக் கஞ்சி உங்கள் பொறுப்பு, அதில் நீங்கள்தான் அனுபவசாலி" என்று ஒப்படையுங்கள். பேரப்பிள்ளைக்குப் புதிதாகக் காய்ச்சிக் கொடுக்க அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் செய்தாலும் மறுபடி ஒருமுறை வயிற்றுப்போக்கு வரலாம், பயந்துவிடாதீர்கள், கைவசம் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைத் தூள் பாக்கெட் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு, அளவு தப்பக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. ஒவ்வொரு முறை போன பிறகும் கால் கப் முதல் அரை கப் வரை கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், கலக்கியதை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிப் பத்து முதல் பதினான்கு நாள் வரை கொடுங்கள், போக்கு நின்றாலும் நிறுத்தாமல். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், சிறுநீர் வராமல் இருத்தல், குடிக்க முடியாத சோர்வு, விடாத வாந்தி, வலிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடிதத்தில் குழந்தையின் எடையை நீங்கள் எழுதவில்லை. ஒரே வருடத்தில் நான்கு முறை போயிருக்கிறது என்றால் எடை நின்றுபோயிருக்கலாம், இந்த வாரமே சுகாதார நிலையத்தில் எடை போட்டு, பழைய எடை எழுதிய அட்டையையும் கூடவே எடுத்துப்போய்க் காட்டுங்கள், கிணறு கழிப்பறைக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.